ஷார்ஜா பக்கத்தில் வந்த வருஷம்

திருச்சி விமான நிலையத்துக்கும் ஷார்ஜா விமான நிலையத்துக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு வியாழக்கிழமை காலையில் இல்லாமல் போனது, அதை முதலில் கண்டுபிடித்தவள் விமானத்தில் சாண்ட்விச் கொடுக்கும் பெண். விமானம் எழும்பி, பெல்ட் விளக்கு அணைந்து, அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு மூன்றாவது வரிசைக்கு வந்து, காய்கறியா கோழியா என்று ஒருவரைக் கேட்க, இன்னும் நாலு மணி நேரம் கிடக்கிறதே என்று அவர் ஆற அமர யோசித்து, கோழி என்று வாயைத் திறந்த நேரத்தில் சக்கரம் தரையைத் தொட்டுவிட்டது. கிளம்பிப் பதினோரு நிமிடம்தான் ஆகியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஷார்ஜா. பயணிகள் வழக்கம்போல விமானம் நிற்பதற்கு முன்பே எழுந்து நின்று மேலே இருந்த பைகளை ஒருவர் தலையில் ஒருவர் இழுத்துப் போட்டார்கள், கோழி கிடைக்காதவர் மட்டும் இறங்கும்போது அதைப் பற்றிக் கொஞ்சம் சத்தம் போட்டார், மற்றபடி யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடல் கடலின் இடத்தில் இருந்தது, பாலைவனம் பாலைவனத்தின் இடத்தில் இருந்தது. கப்பல்களுக்கு எப்போதும் ஆகிற நாட்களே ஆயின, மதுரையிலிருந்து துபாய்க்குப் போனவர்கள் எப்போதும்போலத் தூங்கி எழுந்து கழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள், ஷார்ஜாவிலிருந்து பக்கத்து துபாய்க்கு சாயங்கால நெரிசலில் பஸ்ஸில் போகிறவர்கள் முன்பு நொந்த அளவே நொந்தார்கள். இந்த இரண்டு விமான நிலையங்கள் மட்டும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நின்றன. அளந்து பார்க்க நிபுணர்கள் வந்தார்கள், அளந்தார்கள், தலையைச் சொறிந்தார்கள், ஷார்ஜாவில் மதியம் சாப்பிட்டுத் திருச்சியில் ஏப்பம் விட்டார்கள், அறிக்கை எதுவும் தராமல் போய்விட்டார்கள்.

இலுப்பூருக்குப் பக்கத்தில் ஆவாரங்குடிப்பட்டி என்ற ஊரில் வீட்டுக்கு ஒருவர் ஷார்ஜாவில் இருந்தார்கள். அந்த ஊர் முதல் வாரம் வாயைப் பிளந்தது, இரண்டாவது வாரம் குறை சொல்லத் தொடங்கியது. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு ஒரு டீ ஆறுகிற நேரம், ஆவாரங்குடிப்பட்டியிலிருந்து திருச்சிக்கு மட்டும் ஒன்றேகால் மணி நேரமா என்று கேட்டுச் சாலை மறியல் செய்தார்கள், மறியலால் அன்றைக்கு பஸ் இரண்டு மணி நேரம் ஓடியது. மூன்றாவது வாரத்தில் அந்த ஊர்ப் பெண்கள் இட்லி மாவைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போய் ஷார்ஜா வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துப் புளிக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். செல்போன் சார்ஜரை மறந்துவிட்டுப் போனவன் திரும்பி வந்து எடுத்துப் போனான். கடவுச்சீட்டில் முத்திரை குத்துகிற அதிகாரி குத்திக் குத்திக் கை வீங்கி, கடைசியில் தபால் ஆபீஸ் பேனாவைப் போல முத்திரையைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அவரவர் குத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

முன்பெல்லாம் ஒரு ஆள் கிளம்பினால் ஒரு வேன் நிறைய ஜனம் ஏறி, விமான நிலைய வாசலில் கட்டிப்பிடித்து அழுது அனுப்பிவைக்கும். அதையும் அவர்கள் விட்டுவிடவில்லை. அழ ஆரம்பித்த அழுகையைப் பாதியில் நிறுத்தப் பிடிக்காமல் கூடவே ஏறி, அழுதுகொண்டே ஷார்ஜாவில் இறங்கி, அவனை அவனுடைய அறையில் விட்டு, பாயை விரித்துக் கொடுத்து, மூக்கைச் சிந்தித் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அதுவரை வேன் வாசலில் நின்றது.

ஊருக்கே கல்யாணக் களையாக இருந்த இந்த நாட்களில் அடைக்கலம் மட்டும் இழவு விழுந்தவனைப் போல இருந்தான்.

அடைக்கலம் ஷார்ஜாவில் பதினாலு வருஷமாக ஒரு கட்டுமானக் கம்பெனியில் சூப்பர்வைசர். அப்படித்தான் ஊர் நினைத்தது, அப்படித்தான் அவன் மனைவி இளஞ்சியமும் நினைத்தாள். அவன் உண்மையில் அந்தக் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் இருநூறு பேருக்குச் சமைப்பவன். அவனுடைய அப்பா கல்யாண வீடுகளில் சமையல் செய்தவர். பெண் கேட்டுப் போனபோது இளஞ்சியத்தின் அப்பா, ரைஸ்மில் வெள்ளைக்கண்ணு, "கரண்டி புடிக்கிற கையில என் பொண்ணைப் புடிச்சுக் குடுக்க மாட்டேன்" என்று சபையில் சொன்னார். அடைக்கலமும் சபையிலேயே சொன்னான், "நான் வெளிநாட்டுக்கு சூப்பர்வைசரா போறேன், இனிமே கரண்டியத் தொடமாட்டேன்." சொன்னபோது மனதாரத்தான் சொன்னான். ஆனால் கேம்ப்புக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் சமையல்காரர் காய்ச்சலில் படுத்துவிட, யாருக்காவது சோறாக்கத் தெரியுமா என்று ஒருவர் கேட்க, அத்தனை பேர் கூட்டத்தில் ஒரு கை தானாக மேலே போனது. அண்ணாந்து பார்த்தால் அது அவனுடைய கை.

இந்தப் பதினாலு வருஷத்தில் அவனைக் காப்பாற்றியது அந்த நாலு மணி நேரம்தான். லீவுக்குக் கிளம்பும் விமானத்தில் முதல் ஒரு மணி நேரம் அவன் சமையல்காரனாகத் தூங்குவான். அப்புறம் எழுந்து கழிப்பறைக்குப் போய் வெங்காய வாடை போகும்வரை கையைத் தேய்ப்பான். அரபிக்கடலின் நடுவில் எங்கோ சட்டையை மாற்றுவான். அந்தச் சட்டை, ஒரு கைக்கடிகாரம், ஒரு கறுப்புக் கண்ணாடி, ஒரு ஜோடி ஷூ, ஒரு சென்ட் பாட்டில் எல்லாம் சேர்ந்து கேம்ப்பில் 'லீவு செட்டு' என்று பெயர். எட்டுப் பேர் படுக்கும் அறைக்கு ஒரே செட்டு, லீவில் போகிறவன் போட்டுக்கொண்டு போய்த் திரும்பி வந்து அடுத்தவனுக்குக் கழற்றிக் கொடுக்க வேண்டும். கேரளக் கரை தெரிகிற நேரத்தில் அடைக்கலத்தின் குரல் கனக்கும், பக்கத்து ஆளிடம் "நம்ம சைட்டுல ஆளுங்க சொன்னபடி கேக்க மாட்டேங்கிறானுங்க" என்பான், திருச்சியில் சக்கரம் தரை தொடும்போது முழு சூப்பர்வைசராக இறங்குவான். ஒரு ஆள் இன்னொரு ஆளாவதற்கு நாலு மணி நேரம் வேண்டும். பதினோரு நிமிடத்தில் ஒரு சட்டைக்குப் பொத்தான் போடலாம், அதுவும் கழிப்பறை வாசலில் ஏழு பேர் வரிசையில் நிற்காமல் இருந்தால்.

அந்த ஏழு பேரும் அவன் அறைக்காரர்கள்தான். எல்லாரும் ஒரே சாயங்காலம் வீட்டுக்குப் போவதென்றால் செட்டைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. ஒருவன் வெறும் கடிகாரத்தோடு போனான், ஒருவன் கைலிக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டு போனான், ஒருவன் இருட்டின பிறகு கறுப்புக் கண்ணாடியோடு ஊருக்குள் இறங்கித் தன் வீடு என்று நினைத்து அடுத்த வீட்டில் நுழைந்து சாத்து வாங்கினான். அடைக்கலத்துக்கு சென்ட் பாட்டில் விழுந்தது. அதன் அடியில் இரண்டு சொட்டுதான் இருந்தது.

"என்னங்க, உங்க மேல வெங்காய வாடை அடிக்குது" என்றாள் இளஞ்சியம்.

"பிளேன்ல சாண்ட்விச்சு குடுத்தாங்க."

"கையிலயா தேச்சு விட்டாங்க?"

அதற்குப் பிறகு அடைக்கலம் வேலை நெருக்கடி என்று சொல்லி வாரத்துக்கு ஒரு தரம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, நன்றாகக் குளித்துவிட்டு வந்தான். ஊர் எல்லையில் இருந்த அய்யனாரிடம் போய், பழைய தூரம் திரும்பி வந்தால் ஒரு மண்குதிரை வைப்பதாக நேர்ந்துகொண்டான். குதிரை செய்கிற வேளாரே அங்கே பூசாரியும் என்பதால் நேர்ந்துகொண்ட உடனே அவர் மண் மிதிக்கப் போய்விட்டார்.

இதற்குள் ஊர்ப் பெண்கள் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். ஷார்ஜா கடிகாரம் நம் கடிகாரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே விமானம் ஏறுகிறவன் பதினோரு நிமிடம் பறந்து திருச்சியில் இறங்கிப் பார்த்தால் மணி ஏழே முக்கால் ஆகப்போகும். காலையில் போகும்போது கிளம்பின நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவான். பள்ளிக்கூட வாத்தியார் ஒரு பூசணிக்காயையும் டார்ச் விளக்கையும் வைத்துச் சூரியன் எங்கே, பூமி எங்கே என்று ரேஷன் கடை வரிசையில் விளக்கிக் காட்டினார். பெண்கள் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சார், ஆம்பளைங்க அந்த ஒன்றரை மணி நேரம் எவ வீட்டுல இருந்துட்டு வர்றாங்க?" என்றார்கள்.

தினம் வருகிறவன் மேலேயே சந்தேகம் என்றால் வாரம் ஒரு தரம் வருகிறவன் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. இளஞ்சியம் போனில் சொன்னாள், "செவ்வாக்கிழமை நான் அங்க வர்றேன். உங்க ஆபீஸைப் பாக்கணும்."

"இங்க என்ன இருக்கு, ஒரே வெயிலு."

"இங்க மட்டும் பனியா கொட்டுது? அப்பாவும் வர்றாங்க. மாப்பிள்ளை ஆபீஸைப் பாத்துட்டு மதியச் சோத்துக்கு மில்லுக்குத் திரும்பிருவேன்னு சொல்றாங்க."

அடைக்கலம் போனை வைத்துவிட்டு, கேம்ப் கிளார்க் பைஜுவின் காலில் விழாத குறையாக நின்றான். பைஜு நல்லவன், அவனுக்கு பிரியாணி பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு மட்டும் தன்னுடைய ஏசி அறையையும் கழுத்துப்பட்டையையும் தருவதாகச் சொன்னான். அடுப்பை யார் பார்ப்பது என்பதுதான் மிச்சம். அறந்தாங்கிக்காரன் யாகூப் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருந்தான்.

"பருப்பு கொதிக்குது. கிளறிக்கிட்டே இரு, விட்டா அடிபுடிச்சுரும்" என்றான் அடைக்கலம்.

"பங்காளி, நான் பைப் மாட்டுறவன். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், ஒழுகுனா அடைப்பேன்."

"ஒழுகாது. கிளறு, போதும்."

வெள்ளைக்கண்ணு ஒரு வாழைத்தாரோடு வந்து இறங்கினார். ஆபீஸ் மேசையைத் தடவிப் பார்த்தார், சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றினார், பிடித்துப்போய் எதிர்ப் பக்கமாக இன்னொரு சுற்று சுற்றினார். கம்ப்யூட்டரைக் காட்டி, "இந்தப் பொட்டிக்குள்ள என்ன மாப்ள இருக்கு?" என்றார்.

"மொத்தக் கம்பெனியும் அதுக்குள்ளதான் மாமா இருக்கு."

"தொறந்து காட்டுங்க, பாப்போம்."

"வெளியாளுக்குக் காட்டக் கூடாது மாமா."

"நான் வெளியாளா?" என்று அவர் முகம் சுண்டியது. இளஞ்சியத்துக்குப் பெட்டியில் அக்கறை இல்லை. அவள் அலமாரியின் பின்னால் பார்த்தாள், திரைச்சீலையைத் தள்ளிப் பார்த்தாள், அப்புறம் அவனுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆறு மணிக்கு ஏறுறீங்க. பதினோரு நிமிஷம். ஏழே முக்காலுக்கு எறங்குறீங்க. நடுவுல எங்க இருக்கீங்க?"

"நடுவுல ஒண்ணும் இல்ல இளஞ்சியம், இந்த ஊருக் கடிகாரம்..."

"கடிகாரத்து மேல பழியப் போடாதீங்க. அது வாய் பேசாது."

அடைக்கலம் பதில் சொல்ல வாயைத் திறந்தான், அப்போது மூக்கு எதையோ பிடித்துவிட்டது. மூன்று கட்டடம் தள்ளி, இரண்டு கதவுக்கும் ஒரு ஏசிக்கும் அந்தப் பக்கம், ஒரு அண்டா பருப்பு அடிபிடிக்கத் தொடங்கியிருந்தது. பருப்பு முதலில் இனிப்பாக வாசம் விடும், அப்புறம் வறுகடலை போல, அதற்கும் அப்புறம் கசப்பாக. இனிப்பாக இருக்கும்போதே சுரண்டாமல் வேறு அண்டாவுக்கு மாற்றினால் இருநூறு பேர் சாப்பாடு பிழைக்கும். வறுகடலைக்கு வந்துவிட்டால் முடிந்தது. அவன் உட்கார்ந்து பார்த்தான். இது ஆபீஸ், நான் சூப்பர்வைசர், எதிரில் மாமனார் இருக்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். வாசம் வறுகடலைப் பக்கம் லேசாகத் திரும்பியது.

"ஒரு மீட்டிங் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் ஓடினான்.

கழுத்துப்பட்டை தோளுக்குப் பின்னால் பறக்க ஒரு சூப்பர்வைசர் வெயிலில் அப்படி ஓடினால் எந்தப் பெண்சாதி என்ன நினைப்பாளோ அதைத்தான் இளஞ்சியமும் நினைத்தாள். இன்றைக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கொண்டையைப் பிடித்து இழுத்துவந்து தெருவில் போடுகிறேன் என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் ஓடினாள். நாற்காலியிலிருந்து இறங்க மனமில்லாமல் இறங்கி, வெள்ளைக்கண்ணுவும் வாழைத்தாரோடு ஓடினார்.

சமையற்கட்டில் தட்டோடு ஆட்கள் வரிசையாக நின்றார்கள். யாகூப் கரண்டியைப் பைப் ஸ்பேனரைப் போலப் பிடித்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தான். அடைக்கலம் சாக்கை மடித்து அண்டாவின் விளிம்பைப் பிடித்து, அடியில் ஒட்டியதைத் தொடாமல் பருப்பை அடுத்த அண்டாவில் சரித்து, ஒரு கையால் புளிக்கரைசலை ஊற்றி, இன்னொரு கையால் தாளிப்புக்கு எண்ணெய் வைத்து, எல்லாவற்றுக்கும் நடுவில் யாகூப்பின் மூன்று தலைமுறையையும் திட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணி" என்றான் யாகூப், திட்டு கொஞ்சம் நிற்கட்டும் என்று.

இளஞ்சியம் அரிசி மூட்டைகளின் பின்னால் தேடினாள், கதவின் பின்னால் தேடினாள். "எங்க அவ?"

"யாரு அண்ணி?" என்றான் வரிசையில் முதலில் நின்றவன். "இந்தச் சுவத்துக்குள்ள பொம்பளைன்னு ஒருத்தரைப் பாக்குறது இன்னைக்குத்தான். எங்களுக்கே கூச்சமா இருக்கு."

அடைக்கலம் கடுகைப் போட்டான். அது வெடித்து அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு திரும்பாமலேயே சொன்னான், "நான்தான் இங்க சமையலு. வந்த மறுநாள்லேருந்து."

அவன் பதினாலு வருஷமாக பயந்த நிமிடம் இதுதான். இப்போது தாலியைக் கழற்றி அண்டாவில் போடுவாள், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பதினோரு நிமிடத்தில் அவன் வாழ்க்கையை விட்டுப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்து, கரண்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். அவள் ஒரு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"சாம்பார் மட்டுமா, எல்லாமா?"

"எல்லாம்."

"ரசம்?"

"தினம்."

"பாத்திரம் யாரு கழுவுறது?"

"அதுக்கு ஒரு நேபாளத்துப் பையன் இருக்கான். அவன் வரலைன்னா நான்தான்."

அவள் முகம் சிவந்தது. "லீவுல வந்தா கட்டில்ல சாஞ்சுக்கிட்டுத் தண்ணி கொண்டாம்பீங்க. ரசத்துல புளி தூக்கலுன்னு தட்டைத் தள்ளுவீங்க. எனக்கு டைபாய்டு வந்து கெடந்தப்ப கடையில இட்லி வாங்கிட்டு வந்தீங்க, அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட என்னைய எழுப்பி விட்டீங்க. நம்மாளு பெரிய வேலை பாக்குறாரு, அவருக்கு அடுப்படி எந்தப் பக்கம்னே தெரியாதுன்னு நானும் பதினாலு வருஷமா எந்திரிச்சு எந்திரிச்சு ஆக்கிப் போட்டேன். இருநூறு ஆம்பளைக்குப் பொங்கிப் போடுற கை, எனக்கு ஒரு நாள் ஒரு காப்பி போட்டுச்சா?"

வரிசையில் நின்ற இருநூறு ஆம்பளைகளும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெள்ளைக்கண்ணு அவர்களுக்கு நடுவில் ஒரு தட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டார், இரண்டு தரம் சாம்பார் கேட்டு வாங்கினார், அப்பளத்தை நொறுக்கினார், விரலை வழித்தார். "சாப்பாடு வேற, சம்பந்தம் வேற மாப்ள. இன்னைக்கு வந்து பொண்ணு கேட்டாலும் தரமாட்டேன்."

"யாரும் கேக்கலப்பா. கையக் கழுவிட்டு வாங்க, போவோம்" என்றாள் இளஞ்சியம்.

அவர்கள் ஊர் போய்ச் சேரும் முன் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த மூன்று நாளில் ஆவாரங்குடிப்பட்டியின் மேனேஜர்கள், இன்ஜினியர்கள், கிரேன் ஆபரேட்டர்கள் எல்லாரும் ஒவ்வொருவராகப் பதவி இறங்கினார்கள். ஒருவன் மாலில் தரை துடைக்கிறவன், ஒருவன் ஆடு மேய்க்கிறவன், இன்ஜினியர் கார் கழுவுகிறவன். எல்லாரும் சேர்ந்து இறங்கியதால் யாருக்கும் யாரைவிடவும் மதிப்புக் குறையவில்லை. பெண்கள் மட்டும் ஒரு மாறுதல் செய்தார்கள். தரை துடைக்கிறவன் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் கையில் ஒரு வாளி வந்தது, கார் கழுவுகிறவன் மாடு கழுவினான். நாலு மணி நேரமே தேவலை என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள், அதற்காக அய்யனார் வாசலில் கூட்டம் சேர்ந்தது.

அடைக்கலம் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தன் வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். இளஞ்சியம் மூன்று நாளாக அவனோடு பேசவில்லை, பேசாமல் இருப்பதற்கும் அவன் தினமும் வீட்டுக்குப் போயாக வேண்டியிருந்தது.

"வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்க" என்றார் வேளார். "குதிரையத் திரும்ப வாங்க முடியாது. சுட்டாச்சு."

தூரம் வேண்டாம் என்பதற்காக அய்யனாருக்கு ஒரு குதிரை கிடைத்தது.

நாலாவது நாள் சாயங்காலம் அடைக்கலம் வீட்டுக்கு வந்தபோது இளஞ்சியம் காலை நீட்டிக்கொண்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் திருச்சியில் ஏழாவது படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள், அதனால் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "புளி ஊறப் போட்டிருக்கேன்" என்றாள்.

அவன் அடுப்படிக்குள் போனான். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை, ஒவ்வொன்றாகத் திறந்து நக்கிப் பார்த்துக் கண்டுபிடித்தான். அரிசி அளக்கத்தான் திணறிப்போனான். இருநூறு பேருக்கு எத்தனை மூட்டை, எத்தனை குடம் தண்ணீர் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வான், இரண்டு பேருக்கு எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது. அவன் இரண்டு பேருக்கு என்று நினைத்து வடித்த சோற்றை அன்றைக்குத் தெருவில் முப்பது பேர் சாப்பிட்டார்கள். மறுநாள் குறைத்துப் போட்டான், பதினைந்து பேர் சாப்பிட்டார்கள். கேம்ப்பிலிருந்து வரும் விமானத்தில் அவனுக்கு இப்போது சட்டை மாற்றுகிற வேலை இல்லை, பதினோரு நிமிடமும் அரிசியைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தான். தெரு மெல்ல மெல்லக் குறைந்து, அடுத்த வீட்டுக்காரர்கள் மட்டும் சாப்பிட்டார்கள், அப்புறம் அவர்களும் இல்லாமல் ஒரு நாய் மட்டும் சாப்பிட்டது.

பிறகு ஒரு நாள் அவன் பரிமாறினான், இருவரும் சாப்பிட்டார்கள், பானையின் அடியைக் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்டது. இளஞ்சியத்தின் தட்டில் ரசம் மிச்சம் இருந்தது, அதற்குச் சோறு இல்லை. அவள் தட்டைச் சாய்த்து ரசத்தைக் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஒரு புடி கூடப் போடுங்க" என்றாள்.